பிரிக்காத பெட்டி

அமெரிக்காவில் 1964-ஆம் வருஷம் ஒரு விசித்திரம் நடந்தது. பொம்மை செய்து பிழைக்கிற கம்பெனி ஒன்றில் 'பொம்மை' என்ற சொல்லே வாயில் வரக்கூடாது என்று ஆகிவிட்டது. ஹாஸ்ப்ரோ என்பது அந்தக் கம்பெனியின் பெயர். அது அந்த வருஷம் ஜி.ஐ. ஜோ என்ற சிப்பாயைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஏறக்குறைய 12 அங்குல உயரம். கை, கால், இடுப்பு எல்லாம் மடங்கும். உடுப்பைக் கழற்றி வேறு உடுப்பு மாட்டலாம். துப்பாக்கியும் தொப்பியும் தனித்தனியே வாங்கிக்கொள்ளலாம். 1959-இல் வந்த பார்பி என்ற பெண் பொம்மை இந்த முறையில்தான் கொள்ளை லாபம் சம்பாதித்துக் கொடுத்தது. பொம்மையை ஒரு தடவைதான் விற்கலாம்; உடுப்பை வருஷம் முழுவதும் விற்கலாம் அல்லவா?

ஆனால் ஒரு சங்கடம். நம் தமிழில் பொம்மை என்றால் எல்லாம் பொம்மைதான். ஆங்கிலத்தில் அப்படியில்லை. 'டால்' என்றால் மனித உருவம், பெண் குழந்தைகளின் சொத்து. 'டாய்' என்றால் பொதுவான விளையாட்டுச் சாமான். தன் பிள்ளைக்கு 'டால்' வாங்கிக் கொடுக்க எந்த அமெரிக்கத் தகப்பனும் இசைய மாட்டான். ஆகவே ஹாஸ்ப்ரோக்காரர்கள் புதிதாக ஒரு பெயரைச் சிருஷ்டித்தார்கள்: 'ஆக்ஷன் ஃபிகர்'. பெயர் மாறியதும் தகப்பன்மார்களின் மனமும் மாறிவிட்டது. இந்தச் சிப்பாயின் யோசனையைக் கொண்டுவந்த ஸ்டான் வெஸ்டன் என்பவர் ஒரு லட்சம் டாலரை மொத்தமாக வாங்கிக்கொண்டு விலகினார். விற்பனையில் பங்கு கேட்டிருந்தால் எத்தனையோ மடங்கு கிடைத்திருக்கும்.

அந்தப் பெயர் விவகாரம் பிற்பாடு நீதிமன்றம் வரை போயிற்று. அமெரிக்கச் சுங்க இலாகா 'டால்' இறக்குமதிக்கு 12 சதவிகிதம் வரி போட்டது. 'டாய்' என்றால் 6.8 சதவிகிதம்தான். மனிதனாக இருந்தால் டால். மனிதன் அல்லாததாக இருந்தால் டாய். எக்ஸ்-மென் என்ற கதைகளின் நாயகர்களைப் பொம்மையாக்கி விற்ற டாய் பிஸ் கம்பெனி, "எங்கள் வீரர்கள் மனிதர்களே அல்லர்" என்று வாதாடி, 2003-இல் வழக்கில் ஜயித்தது. அந்தக் கதைகளின் உயிர்நாடியே, "நாங்களும் மனிதர்கள்தாம்" என்று அந்த நாயகர்கள் உலகத்திடம் மன்றாடுவதுதான். ஐந்து சதவிகித வரிக்காக அவர்களுடைய சொந்த எஜமானர்களே அவர்களைக் கைவிட்டதை எண்ணி வாசகர்கள் வருத்தப்பட்டதில் ஆச்சரியம் என்ன?

சூப்பர் ஹீரோக்கள் பொம்மையான கதைக்கு வருகிறேன். 1966-இல் ஐடியல் என்ற கம்பெனி 'காப்டன் ஆக்ஷன்' என்று ஒரு வீரனைக் கொண்டுவந்தது. அவனுக்குச் சூப்பர்மேன் வேஷமும் போடலாம், பேட்மேன் வேஷமும் போடலாம். இரண்டு வருஷத்துக்குமேல் அவன் நிற்கவில்லை. சரியான வழியைக் கண்டுபிடித்தவர்கள் மீகோ கம்பெனியார்.

மீகோ 1954-இல் டேவிட் ஏப்ரம்ஸ், மேடலின் ஏப்ரம்ஸ் என்ற தம்பதி தொடங்கிய கம்பெனி. மலிவான விளையாட்டுச் சாமான்களைச் சில்லறைக் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் பிள்ளை மார்ட்டின் 1971-இல் தலைமைக்கு வந்தார். அடுத்த வருஷமே சூப்பர்மேன், பேட்மேன், ராபின், அக்வாமேன் நால்வரையும் 8 அங்குல உயரத்தில் விற்பனைக்கு விட்டார். பின்னால் ஸ்பைடர்மேன் முதலிய எதிர்க்கடை வீரர்களும் வந்து சேர்ந்தார்கள். காகிதத்தில் பரம வைரிகளாக இருந்த இரண்டு பிரசுர நிலையங்களின் வீரர்கள் மீகோவின் கூரையடியில் சேர்ந்து குடியிருந்தார்கள்.

மீகோவின் யுக்தியை நம் பழைய நாடகக் கம்பெனிக்காரர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். ஒரே நடிகர் முதல் காட்சியில் சேவகன், இரண்டாம் காட்சியில் முனிவர், மூன்றாம் காட்சியில் மந்திரி. அதேபோல் ஒரே உடம்பை அச்சில் வார்த்து, தலையை மட்டும் மாற்றி, துணியில் தைத்த உடுப்பை மாட்டினால் பத்து வீரர்கள் தயார். உடம்பின் உள்ளே கையையும் காலையும் இழுத்துப் பிடித்திருந்தது எலாஸ்டிக் நாடா. நாள்பட்டால் அது தளர்ந்துபோகும். வீரனின் காலும் தொங்கிவிடும். குழந்தைகள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. காயம்பட்ட வீரன் என்று வைத்துக்கொண்டு விளையாடினார்கள்.

இங்கேதான் பெட்டியின் சரித்திரம் தொடங்குகிறது. முதலில் மீகோ வீரர்கள் வந்தது முழுதும் மூடிய அட்டைப் பெட்டியில். மேலே வண்ணப்படம், உள்ளே இருப்பது தெரியாது. சீக்கிரத்திலேயே பெட்டியின் முகப்பை வெட்டி மெல்லிய பிளாஸ்டிக் தாளால் ஜன்னல் வைத்தார்கள். குழந்தையும் வீரனும் ஒருவரையொருவர் கண்ணுக்குக் கண் பார்த்துவிட்டால் தாயாரின் பணப்பை திறந்துதானே ஆக வேண்டும்? கிரெஸ்கி போன்ற பெரிய கடைகளுக்கு வேறு ஏற்பாடு. தட்டையான அட்டையில் பொம்மையை வைத்து, மேலே பிளாஸ்டிக் குமிழை ஒட்டி, அட்டையின் தலையில் ஓட்டை போட்டுக் கொக்கியில் தொங்கவிட்டார்கள். அலமாரியில் இடம் மிச்சம்.

பெட்டியோ அட்டையோ, அதன் ஆயுள் கடையிலிருந்து வீடு வரைதான். வீட்டு வாசலைத் தாண்டியதும் கிழிபடவேண்டியது. நவராத்திரி முடிந்ததும் நம் வீடுகளில் கொலு பொம்மைகளைப் பழந்துணியில் சுற்றிப் பரணில் வைப்பார்களே, அந்த மரியாதையெல்லாம் இந்தப் பெட்டிகளுக்குக் கிடையாது. அவை செய்யப்பட்டதே கிழிப்பதற்காக.

1976-இல் மீகோவின் வாசலுக்கு ஒரு சீதேவி வந்தாள். வெளிவரப் போகும் 'ஸ்டார் வார்ஸ்' என்ற சினிமாவுக்குப் பொம்மை செய்ய உரிமை வேண்டுமா என்று கேட்டார்கள். மீகோ வேண்டாம் என்றது. சின்சினாட்டி நகரத்து கென்னர் கம்பெனி எடுத்துக்கொண்டது. 1977 மே மாதம் படம் வந்து தேசமே பைத்தியமாகிவிட்டது. கிறிஸ்துமஸும் நெருங்கிவிட்டது, கென்னரிடமோ பொம்மை தயாராகவில்லை. அப்போது அவர்கள் செய்த காரியம் வியாபார சரித்திரத்திலேயே அபூர்வமானது. வெறும் அட்டை உறையை விற்றார்கள்! உள்ளே ஒரு சீட்டு. அதைத் தபாலில் அனுப்பினால் அடுத்த வருஷம் நாலு பொம்மைகள் வீடு தேடி வரும். கிறிஸ்துமஸ் காலையில் வெறும் காகிதத்தைப் பரிசாக வாங்கிய பிள்ளைகள் மாதக்கணக்கில் தபால்காரரை எதிர்பார்த்திருந்தார்கள்.

வந்த பொம்மைகளும் சின்னஞ்சிறியவை. பெரும்பாலானவை நாலு அங்குலத்துக்கும் குறைவு. துணி உடுப்புக்குப் பதில் உடம்பிலேயே வார்த்த உடுப்பு. ஆனால் விலை குறைவு. விமானமும் வாகனமும் கூடவே விற்கலாம். அட்டையின் பின்புறம் 12 பாத்திரங்களின் படத்தையும் வரிசையாக அச்சிட்டார்கள். ஒன்றை வாங்கிய பையன் வீட்டுக்குப் போனதும் மிச்சம் பதினொன்றை எண்ணிப் பார்ப்பான். இதைவிடச் சாமர்த்தியமான விளம்பரத்தை நான் கண்டதில்லை. 1979-இல் இன்னொரு படி போனார்கள். அட்டைகளிலிருந்து நாலு அத்தாட்சிச் சீட்டுகளை வெட்டி அனுப்பினால் ஒரு பொம்மை இனாம் என்றார்கள். அதாவது, "அட்டையைக் கத்தரி" என்று கம்பெனியே பிள்ளைகளுக்கு உபதேசம் செய்தது.

மீகோ சிறிது சிறிதாகத் தேய்ந்தது. 1982-இல் திவால் மனு; 1983-இல் கதவடைப்பு.

பிறகு வருஷங்கள் ஓடின. மீகோ வீரர்களோடு விளையாடிய பிள்ளைகள் உத்தியோகஸ்தர்களானார்கள். கையில் காசு சேர்ந்தது. இழந்ததைத் தேடத் தொடங்கினார்கள். தேடியபோதுதான் தெரிந்தது, பொம்மைகள் ஏராளமாக இருக்கின்றன, பெட்டிகள்தாம் இல்லை என்று. பிரிக்காத பெட்டிக்கு மவுசு வந்தது. அதற்கு மதிப்பெண் போட்டுக் கண்ணாடிபோன்ற கூட்டில் அடைத்துக் கொடுக்கும் நிபுணர்கள் தோன்றினார்கள். மீகோவின் ஆரம்ப காலத்துப் பேட்மேனுக்கு முகமூடி தனியாகக் கழன்று வரும். பிற்பாடு தலையோடு சேர்த்தே வார்த்துவிட்டார்கள். கழலும் முகமூடி உள்ளவனைத்தான் இன்று தேடி அலைகிறார்கள். குழந்தைகள் தொலைத்தார்கள், அதனால் அது மாணிக்கமாயிற்று.

கம்பெனிகள் சும்மா இருக்குமா? 2005-இல் ஹாஸ்ப்ரோ, கென்னரை ஏற்கெனவே விழுங்கியிருந்த கம்பெனி, 1977-இன் அந்த வெற்று உறையை மறுபடி அச்சிட்டு விற்றது. இந்தத் தடவை பொம்மைக்குப் பஞ்சமே இல்லை. காத்திருப்பதையே சரக்காக விற்றார்கள்! 2010-இல் மாட்டெல் கம்பெனி மீகோ பாணியில் துணி உடுப்போடு சூப்பர் ஹீரோக்களைக் கொண்டுவந்தது. 2018-இல் மார்ட்டின் ஏப்ரம்ஸே திரும்பி வந்து மீகோவுக்கு உயிர் கொடுத்தார். 2022-இல் மாக்பார்லேன் கம்பெனி, 1984-இல் கென்னர் வெளியிட்ட 'சூப்பர் பவர்ஸ்' வரிசையைப் பழைய அட்டையின் சாயலிலேயே புதுப்பித்தது.

இவற்றிலெல்லாம் வினோதமானது சூப்பர் செவன் என்ற சிறிய கம்பெனியின் காரியம். 'ஏலியன்' என்ற பயங்கரப் படத்துக்காகக் கென்னர் 1979-இல் சிறு பொம்மைகளுக்கு மாதிரி செய்து பார்த்துவிட்டு, கடைக்கு அனுப்பாமலே நிறுத்திவிட்டது. முப்பத்து நாலு வருஷம் கழித்து, 2013-இல், சூப்பர் செவன் அவற்றைச் செய்து பழைய மாதிரி அட்டையில் ஒட்டி விற்றது. இதுவரை இழந்த பால்யத்தை விற்றார்கள். இப்போது நடக்கவே நடக்காத பால்யமும் விலைக்கு வந்துவிட்டது.

இன்று பழைய பாணிப் பொம்மை செய்பவனுக்கு இரண்டு எஜமானர்கள். ஒருவன் பையன், அவன் கிழிக்க வேண்டும். இன்னொருவர் அவன் தகப்பனார். அவர் கிழிக்கக் கூடாது. அட்டையின் மூலை மடங்கியிருந்தால் தகப்பனார் வாங்க மாட்டார். ஆகவே சில கம்பெனிகள் சேதமில்லாமல் திறந்து மறுபடி மூடக்கூடிய பெட்டி செய்கின்றன. சில கம்பெனிகள் பெட்டிக்கு எண் போட்டு, இத்தனைதான் செய்வோம் என்று சத்தியம் செய்கின்றன. 2022-இல் ஹாஸ்ப்ரோ பிளாஸ்டிக்கைக் குறைக்கும் நல்ல எண்ணத்தோடு ஜன்னலை எடுத்துவிட்டு முழுதும் மூடிய பெட்டிக்கு மாறியது. "முகத்தின் வர்ணப் பூச்சைப் பார்க்காமல் எப்படி வாங்குவது?" என்று சேகரிப்பவர்கள் கூச்சல் போட்டார்கள். அடுத்த வருஷமே ஜன்னலைத் திருப்பிக் கொண்டுவருவதாகக் கம்பெனி அறிவித்தது. ஐம்பது வருஷத்துக்கு முன் மீகோ கற்ற பாடத்தை ஹாஸ்ப்ரோ மறுபடி படித்தது.

சேகரிப்பவர்களை நான் பரிகாசம் செய்யவில்லை. ஆனால் ஒரு விஷயத்தை அவர்கள் மறந்துவிடுகிறார்கள் என்று தோன்றுகிறது. பழைய பெட்டிக்கு விலை எங்கிருந்து வந்தது? அதைப் பத்திரமாக வைத்திருந்த ஒருவனால் மட்டுமா வந்தது? மற்றப் பெட்டிகளைக் கிழித்துப் போட்ட ஆயிரக்கணக்கான பிள்ளைகளால் அல்லவா வந்தது? அத்தனை பேரும் பத்திரப்படுத்தியிருந்தால் ஒன்றுக்கும் மதிப்பிராது. இதற்குச் சாட்சி இருக்கிறது. 1992-இல் சூப்பர்மேன் இறந்துபோவதாக ஒரு காமிக்ஸ் புத்தகம் வந்தது. ஒரு பதிப்பைக் கறுப்பு உறையில் ஒட்டி, உள்ளே துக்கத்துக்குக் கையில் கட்டும் பட்டையும் வைத்து விற்றார்கள். பெருநிதி சேரும் என்று நம்பி லட்சக்கணக்கானவர்கள் வாங்கி உறையைப் பிரிக்காமலே வைத்தார்கள். அந்தப் பெருநிதி சேரவில்லை. எல்லாரும் காவல் காத்த பொக்கிஷம் பொக்கிஷமாகவில்லை.

நம் ஊரில் இதற்கு நேர்மாறான வழக்கம் ஒன்று இருந்தது. வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைப் பெண்மணிகள் பக்கம் பக்கமாகக் கத்தரித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்தார்கள். அந்தத் தொகுப்புகளைப் பழைய புத்தகக் கடைகளில் இன்றும் ஆசையோடு தேடுகிறவர்கள் உண்டு. ஓரத்தில் எண்ணெய்க் கறை, நடுவில் காப்பித் துளி. அவற்றில் ஒன்றுகூடப் படிக்கப்படாதது இல்லை. கதை எழுதிப் பிழைக்கிற எனக்கு, என் புத்தகம் அவற்றைப் போல் இருக்க வேண்டுமா, கண்ணாடிக் கூட்டில் மதிப்பெண் வாங்க வேண்டுமா என்று கேட்டால், பதில் சொல்ல யோசனை தேவையில்லை.

அமெரிக்கச் சேகரிப்பாளர்களில் புத்திசாலிகள் சிலர் இரண்டாக வாங்குகிறார்கள். ஒன்று வைத்திருக்க, ஒன்று பிரிக்க. வசதி உள்ளவர்களுக்கு அது நல்ல ஏற்பாடுதான். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், வீட்டில் ஒரு குழந்தையும் இருந்தால், விலையைச் சொல்லாமல் அதன் கையில் கொடுத்துவிடலாம். முகமூடி ஒரு வாரத்தில் தொலைந்துபோகும். அதனால் என்ன? மீகோ வீரர்களை நாற்பது வருஷம் கழித்தும் தேடி அலைய வைத்தது அந்த ஒரு வார விளையாட்டுத்தான்.