திறந்த பாடநூலும் பல்கலைக்கழகப் பதிப்பகமும்

கட்டணமின்றிப் படிக்கவும், படியெடுக்கவும், திருத்தவும், பிறருக்குக் கொடுக்கவும் உரிமையாளரே முன்கூட்டி அனுமதி தந்துவிட்ட பாடநூல்கள், விரிவுரைகள், பயிற்சி வினாக்கள், காணொலிகள் முதலியன திறந்த கல்வி வளங்கள் எனப்படுகின்றன. 2002 ஜூலையில் பாரிசில் யுனெஸ்கோ கூட்டிய கருத்தரங்கில் இப்பெயர் வழக்குக்கு வந்தது. இவற்றை எழுதுவோரில் பெரும்பாலோர் பல்கலைக்கழக ஆசிரியர்கள். ஆனால் பல்கலைக்கழகங்களின் சொந்தப் பதிப்பகங்கள் இத்துறைக்குத் தயங்கித் தயங்கித்தான் வந்தன. அவற்றுக்கு முன்பே நூலகங்களும், ஓரிரு பேராசிரியர்களின் தனி முயற்சிகளும் களத்தில் இறங்கிவிட்டன.

தயக்கத்தின் வேர் பதிப்பகங்களின் பழைய அமைப்பில் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக்கு எட்டாம் ஹென்றி 1534இல் அச்சிடும் உரிமை வழங்கினார். ஆக்ஸ்ஃபோர்டும் அதே நூற்றாண்டில் அவ்வுரிமையைப் பெற்றது. விவிலியம் அச்சிட்டும், பின்னாளில் அகராதிகளும் பாடநூல்களும் விற்றும் இவ்விரண்டும் உலகளாவிய வணிக நிறுவனங்களாக வளர்ந்தன. அமெரிக்காவில் கதை வேறு. 1878 முதல் இடைவிடாமல் நடந்துவரும் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகப் பதிப்பகத்தைப் போன்றவை ஆய்வு நூல்களுக்காக ஏற்பட்டவை. சில நூறு படிகளே விலைபோகும் நூல்களை மானியத்தின் துணையோடு வெளியிடுவது அவற்றின் தொழில். அங்கே கல்லூரிப் பாடநூல் சந்தை பியர்சன், மெக்ரா-ஹில், வைலி போன்ற வணிக நிறுவனங்களின் கையில் இருந்தது. ஆக, சில பதிப்பகங்களுக்குப் பாடநூல்தான் வருமானம், அதை இலவசமாகக் கொடுக்க மனம் வரவில்லை. மற்றவற்றுக்குப் பாடநூல் போட்டே பழக்கமில்லை.

இந்தச் சந்தையில் நூலைத் தேர்ந்தெடுப்பவர் ஆசிரியர், பணம் கொடுப்பவர் மாணவர். தேர்ந்தெடுப்பவருக்கு விலை தெரிவதில்லை, தெரிந்தாலும் சுடுவதில்லை. பழைய புத்தகக் கடைகளில் போட்டி கூடும்போது, அத்தியாய வரிசையையும் பயிற்சிக் கணக்குகளையும் மாற்றிப் புதிய பதிப்பு போடுவது வணிகப் பதிப்பாளர்களின் வழக்கமாயிற்று. அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2005இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 1986 டிசம்பர் முதல் 2004 டிசம்பர் வரை கல்லூரிப் பாடநூல்களின் விலை 186 விழுக்காடு ஏறியது. அதே காலத்தில் பொது விலைவாசி உயர்வு 72 விழுக்காடுதான். திறந்த பாடநூல் இயக்கம் அமெரிக்காவில் வேகம் பிடித்ததற்குக் கொள்கைப் பிடிப்பைவிட இந்த விலைப்பட்டியலே பெரிய காரணம்.

பல்கலைக்கழகப் பதிப்பகங்கள் முதலில் செய்து பார்த்தது, அச்சு நூலை விற்றுக்கொண்டே அதன் முழுப் பாடத்தையும் இணையத்தில் படிக்க விடுவது. எம்ஐடி பதிப்பகம் 1995இல் வில்லியம் மிட்செல் எழுதிய ‘சிட்டி ஆஃப் பிட்ஸ்’ நூலை அச்சிலும் இணையத்திலும் ஒரே சமயத்தில் வெளியிட்டது. ஏபெல்சன், சஸ்மன் ஆகியோரின் புகழ்பெற்ற கணினி நிரலாக்கப் பாடநூலையும் பின்னர் தன் தளத்தில் ஏற்றியது. கேம்பிரிட்ஜ் பதிப்பகம் ஆலன் ஹேச்சரின் இயற்கணித இடத்தியல் நூல் (2002), பாய்டும் வாண்டன்பெர்க்கும் எழுதிய குவிவு உகப்பாக்க நூல் (2004) போன்றவற்றை ஆசிரியர்கள் தங்கள் பக்கத்தில் இலவசமாக வைத்துக்கொள்ள இசைந்தது. இரண்டும் உலகெங்கும் முதுநிலை வகுப்புகளில் பாடமாக ஓடுபவை.

இந்த இசைவு எவ்வளவு தூரம் நீண்டது என்பதை அந்நூல்களின் பக்கங்களே காட்டும். டேவிட் மெக்கே எழுதிய தகவல் கோட்பாட்டு நூலின் (2003) இணையப் படியில், திரையில் பார்க்கலாம், அச்சிடக் கூடாது என்ற கேம்பிரிட்ஜின் அறிவிப்பு பக்கந்தோறும் இருக்கிறது. குட்ஃபெலோ, பெஞ்சியோ, கூர்வில் மூவரும் எழுதிய ‘டீப் லேர்னிங்’ நூலை எம்ஐடி பதிப்பகம் 2016இல் வெளியிட்டபோது, நூல் முழுவதும் இணையப் பக்கங்களாக இலவசமாகக் கிடைத்தது. ஆனால் ஒரே கோப்பாகப் பதிவிறக்க வழியில்லை. எளிதில் படியெடுக்கக்கூடிய வடிவில் தரக் கூடாதென்று ஒப்பந்தம் இருப்பதாக ஆசிரியர்களே தங்கள் தளத்தில் எழுதிவைத்தார்கள். பதிப்பகத்தைப் பொறுத்தவரை ‘திறந்த’ என்றால் பார்க்கலாம் என்று பொருள். வகுப்பறை ஆசிரியருக்கு அது போதாது. தனக்கு வேண்டாத அத்தியாயத்தை வெட்டவும், தன் ஊர் எடுத்துக்காட்டைச் சேர்க்கவும், மொழிபெயர்க்கவும் அவருக்கு உரிமை வேண்டும்.

அந்த உரிமைக்குச் சட்ட வடிவம் தரும் முயற்சி பதிப்பகங்களுக்கு வெளியே நடந்தது. அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் வைலி 1998இல், மென்பொருள் உலகின் திறந்த உரிமங்களைப் பார்த்து, கல்வி உள்ளடக்கத்துக்கென ஓர் உரிமத்தை எழுதினார். 2001இல் நிறுவப்பட்ட கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு 2002 டிசம்பரில் தன் முதல் உரிமங்களை வெளியிட்டது. பெயர் குறிப்பிட்டால் எதுவும் செய்யலாம் என்பது முதல், வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மாற்றவே கூடாது என்பது வரை அவற்றில் படிகள் உண்டு. பதிப்பகங்கள் ஆய்வு நூல்களைத் திறந்தபோது பெரும்பாலும் கடைசிப் படியையே எடுத்தன. கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகம் 2007இல் தொடங்கிய பதிப்பகம் முதல் நாளிலிருந்தே தன் நூல்களை இலவசமாகத் தந்தது. ஆனால் மாற்றத் தடை விதிக்கும் உரிமமே அதன் பொது வழக்கம். டெர்ரி ஆண்டர்சன் தொகுத்து அங்கே 2008இல் இரண்டாம் பதிப்பு கண்ட, இணையவழிக் கற்பித்தல் பற்றிய நூலைக் கற்பிப்பவர்கள் படிக்கலாம், திருத்தி வழங்க முடியாது.

எம்ஐடி 2001 ஏப்ரலில் தன் பாடங்களின் குறிப்புகளையும் வினாத்தாள்களையும் இணையத்தில் வைக்கப்போவதாக அறிவித்தது. ஹியூலெட், மெலன் அறக்கட்டளைகள் பணம் தந்தன. அதை நடத்தியது தனி அலுவலகம், எம்ஐடி பதிப்பகம் அல்ல. ஆனால் அங்கே கிடைத்தவை பாடக்குறிப்புகள். மாணவர் கையில் இருக்க வேண்டிய முழுப் பாடநூல் வேறிடத்திலிருந்து வந்தது.

அந்த இடம் டெக்சாசின் ரைஸ் பல்கலைக்கழகம். மின்பொறியியல் பேராசிரியர் ரிச்சர்ட் பரானியுக் 1999இல் அங்கே ‘கனெக்‌ஷன்ஸ்’ என்ற தளத்தைத் தொடங்கினார். பாடங்களைச் சிறு கூறுகளாக எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக் கோத்துக்கொள்ளலாம் என்பது திட்டம். ரைஸ் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1996இல் மூடப்பட்டிருந்தது. 2006இல் அத்தளத்தை நம்பியே முழுமையான மின்பதிப்பகமாக மீண்டும் தொடங்கி, 2010இல் மறுபடி மூடப்பட்டது. மரபான பதிப்பகத்தை மின்வடிவில் நகலெடுத்தால் செலவு குறையும் என்ற கணக்கு பொய்த்துப்போனது. கூறுகளைக் கோக்கும் திட்டமும் எதிர்பார்த்த அளவுக்குப் பிடிக்கவில்லை. ஆசிரியர்கள் முழுப் புத்தகம் கேட்டார்கள், கூடவே வினா வங்கியும் படவில்லைகளும் கேட்டார்கள்.

அதைக் கொடுக்கவே 2012இல் அதே ரைஸில் ஓபன்ஸ்டாக்ஸ் பிறந்தது. அதன் முறை வணிகப் பதிப்பாளரின் முறைதான். அதிக மாணவர் சேரும் முதலாண்டுப் பாடங்களைத் தேர்ந்தெடுப்பது, எழுதுவோருக்கு ஊதியம் தருவது, துறையினரைக் கொண்டு மதிப்பாய்வு செய்வது, ஓவியரை அமர்த்துவது எல்லாம் உண்டு. வேறுபாடு, செலவு முழுவதையும் அறக்கட்டளைகள் முன்கூட்டியே கொடுத்துவிடுகின்றன. கோப்பு இலவசம், அச்சுப் படிக்கு மட்டும் விலை. இயற்பியலும் சமூகவியலும் முதலில் வந்தன. ஏற்கெனவே வழக்கில் இருந்த நூல்களின் உரிமையை விலைக்கு வாங்கித் திறந்துவிடுவதும் அங்கே கையாண்ட வழி. கலிஃபோர்னியாக் கல்லூரி ஆசிரியைகள் பார்பரா இலோவ்ஸ்கி, சூசன் டீன் எழுதிய புள்ளியியல் நூல் அப்படித்தான் ஓர் அறக்கட்டளையின் பணத்தில் கனெக்‌ஷன்ஸ் தளத்துக்கு வந்தது. வணிகப் பதிப்பாளரிடம் பல பதிப்புகள் கண்ட ஜான் மெக்மரியின் கரிம வேதியியல் நூல் 2023இல் பத்தாம் பதிப்பாக ஓபன்ஸ்டாக்ஸில் இலவசமாக வெளிவந்தது. அவருடைய மகன் பீட்டர் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயால் 2019இல் இறந்தார். அவர் நினைவாகவே மெக்மரி இதைச் செய்தார்.

மாற்றும் உரிமை எதற்கு என்பதற்குக் கனடா நல்ல விடை தந்தது. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசு 2012 அக்டோபரில், மாணவர் மிகுதியாகச் சேரும் 40 பாடங்களுக்குத் திறந்த நூல்கள் உருவாக்கப் பணம் ஒதுக்கியது. பொறுப்பேற்ற பிசிகேம்பஸ் அமைப்பு எல்லாவற்றையும் புதிதாக எழுதவில்லை. ஓபன்ஸ்டாக்ஸின் சமூகவியல் நூலை எடுத்து, அமெரிக்கச் சட்டங்களும் புள்ளிவிவரங்களும் நிறைந்த பகுதிகளை நீக்கிக் கனடாவின் செய்திகளை வைத்து, வில்லியம் லிட்டில் கனடியப் பதிப்பை ஆக்கினார். வழக்கமான பதிப்புரிமையில் இருந்த நூலென்றால் அனுமதிக் கடிதங்களிலேயே காலம் போயிருக்கும்.

உரிமத்தின் உறுதி மினசோட்டாவில் சோதனைக்கு வந்தது. 2007இல் தொடங்கிய ஃபிளாட் வேர்ல்ட் நாலெட்ஜ் என்ற நிறுவனம் திறந்த உரிமத்தில் பாடநூல் வெளியிட்டு, துணைப் பொருள்களில் பணம் பார்க்க முயன்றது. கட்டுப்படியாகாமல் 2013 தொடக்கத்தோடு இலவச வாசிப்பை நிறுத்திக்கொண்டது. ஆனால் ஒருமுறை கொடுத்த கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. ஆகவே மினசோட்டா பல்கலைக்கழக நூலகத்தின் வெளியீட்டுப் பிரிவு அந்நூல்கள் பலவற்றைச் சீர்செய்து மறுபடி வெளியிட்டது. தங்கள் பெயரும் ஆசிரியர் பெயரும் வேண்டாம் என்று முதல் பதிப்பாளர் கேட்டுக்கொண்டதால், ஆசிரியர் பெயரே இல்லாமல் அவை உலவுகின்றன. பாடநூல் வரலாற்றில் இது ஒரு விநோதம். இதே பல்கலைக்கழகம் 2012இல் தொடங்கிய ‘ஓபன் டெக்ஸ்ட்புக் லைப்ரரி’, ஆசிரியர்களைக் கொண்டு திறந்த நூல்களுக்கு மதிப்புரை எழுதவைத்து வெளியிடுகிறது. இலவச நூல் தரமற்றது என்ற ஐயத்துக்கு இதைவிட நேரான மறுமொழி கிடையாது.

பதிப்பகங்களே இறங்கிய இடங்களும் உண்டு. ஃபுளோரிடா பல்கலைக்கழகப் பதிப்பகம் 2009இல் மாநிலத்தின் மின்களஞ்சியத்தோடு சேர்ந்து பாடநூல்களை இலவசக் கோப்பாகவும் குறைந்த விலை அச்சாகவும் தந்தது. வடக்கு ஜார்ஜியா பல்கலைக்கழகப் பதிப்பகம் அமெரிக்க வரலாற்றுப் பாடநூலோடு தொடங்கி, உலக இலக்கியத் தொகை வரை வெளியிட்டது. லண்டனில் யுசிஎல் பதிப்பகம் 2015இல் முழுத் திறந்த அணுகல் பதிப்பகமாக மறுபிறப்பெடுத்து, அடுத்த ஆண்டே ஒட்டுறுப்பு அறுவை மருத்துவப் பாடநூல் ஒன்றை இலவசமாக வெளியிட்டது. அச்சில் வந்தால் பெரும் விலை வைக்கப்படும் துறை அது. செலவைப் பல்கலைக்கழகமே ஏற்பதால்தான் இது நடக்கிறது.

இதே காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் எதிர்த்திசையில் நின்றன. நூல் பகுதிகளை மாணவர்களுக்கு மின்வடிவில் கொடுத்ததற்காக 2008இல் அவை, சேஜ் நிறுவனத்தோடு சேர்ந்து, ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மீது வழக்குத் தொடுத்தன. பன்னிரண்டு ஆண்டுகள் நீண்ட வழக்கில் பெரும்பாலான பயன்பாடுகள் நியாயமானவை என்றே முடிவாயிற்று. வழக்கைச் சந்தித்த பல்கலைக்கழகமும், மேலே சொன்ன வடக்கு ஜார்ஜியா பதிப்பகமும் ஒரே மாநிலப் பல்கலைக்கழக அமைப்பைச் சேர்ந்தவை. இதே இரு பதிப்பகங்கள் 2012இல் டெய்லர் அண்ட் பிரான்சிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து, டெல்லிப் பல்கலைக்கழகத்தின் மீதும் அதன் வளாகத்தில் இருந்த ராமேஷ்வரி ஜெராக்ஸ் கடையின் மீதும் வழக்குப் போட்டன. பாடத்துக்கென நூல் பகுதிகளை நகலெடுத்துக் கட்டித் தருவது பதிப்புரிமை மீறல் அல்லவென்று 2016 செப்டம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் அமர்வு கொள்கையை ஏற்று, சில கேள்விகளை மட்டும் விசாரணைக்குத் திருப்பியது. 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கைத் திரும்பப் பெற்றன.

இந்தியாவில் திறந்த கல்வி வளங்களை உருவாக்கியவை பதிப்பகங்கள் அல்ல, தொழில்நுட்பக் கழகங்களும் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களும்தான். ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கிய என்பிடெல் திட்டத்தைச் சென்னை ஐஐடி ஒருங்கிணைக்கிறது. அதன் விரிவுரைகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைப்பதால், அவற்றைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் பெயர்த்து வழங்க முடிந்தது. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தன் பாட அலகுகளை இ-ஞானகோஷ் களஞ்சியத்தில் யாரும் இறக்கிக்கொள்ள வைத்திருக்கிறது. ஆனால் வேறு விதமாகக் குறிப்பிடாதவரை அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை என்ற அறிவிப்பும் அங்கே இருக்கிறது. ஒரு தமிழ் ஆசிரியர் அவற்றை இறக்கிப் படிக்கலாம். திருத்தியோ மொழிபெயர்த்தோ தன் மாணவர்களுக்காக வெளியிட வேண்டுமென்றால், பல்கலைக்கழகத்துக்கு எழுதி அனுமதி வாங்கியாக வேண்டும்.