குடல் குருத்தணுக்களும் ஏற்பிச் சமிக்ஞைகளும்

குடலின் உட்சுவரை வாழ்நாள் முழுவதும் புதுப்பித்துத் தரும் மூலச் செல்களே குடல் குருத்தணுக்கள் (ஸ்டெம் செல்கள்). சிறுகுடலின் உட்படலம் சுமார் 3 முதல் 5 நாட்களில் முற்றிலும் மாறிவிடுகிறது. இந்த வேகத்தை அளவோடு நடத்துபவை செல்லின் மேற்பரப்பில் இருந்து வெளிச் சமிக்ஞைகளைப் பெறும் ஏற்பிப் புரதங்கள். அந்தக் கட்டுப்பாடு குலையும்போது குடல் புற்றுநோய் உருவாகிறது.

உயிர்வாழ்வு

குருத்தணுக்கள் உட்படலத்தின் குழிகளில், அடிப்பகுதியில் இருக்கின்றன. எல்.ஜி.ஆர்.5 என்ற ஏற்பியே இவற்றின் அடையாளம் என்பதை நெதர்லாந்தில் ஹான்ஸ் கிளீவர்ஸ் குழுவினர் 2007இல் காட்டினர். அருகிலுள்ள செல்கள் சுரக்கும் விண்ட் புரதம் ஃபிரிசில்ட் ஏற்பியில் பொருந்தினால், செல்லுக்குள் பீட்டா கேட்டனின் என்ற புரதம் அழியாமல் சேர்ந்து, பெருகச் சொல்லும் மரபணுக்களை இயக்குகிறது. ஆர்-ஸ்பாண்டின் என்ற புரதம் எல்.ஜி.ஆர்.5இல் பொருந்தி இச்சமிக்ஞையை வலுப்படுத்துகிறது. குழியிலிருந்து மேலேற விண்ட் குறைகிறது. செல்கள் பெருகுவதை நிறுத்தி, உணவை உறிஞ்சுவது போன்ற பணிகளுக்கு மாறி, இறுதியில் உதிர்கின்றன.

2009இல் தோஷிரோ சாட்டோவும் கிளீவர்ஸும் ஒரே ஒரு குருத்தணுவிலிருந்து குட்டிக் குடல் திசுவை ஆய்வகத்தில் வளர்த்தனர். அதற்கு ஆர்-ஸ்பாண்டின் உள்ளிட்ட வளர்ச்சிப் புரதங்களைத் தர வேண்டியிருந்தது. இந்தச் செல்கள் வெளியிலிருந்து வரும் சமிக்ஞையை நம்பியே வாழ்கின்றன என்பதற்கு இது நேரடிச் சான்று.

புற்றுநோய்

பீட்டா கேட்டனினை அழிக்கும் அமைப்பில் ஏ.பி.சி. புரதம் இன்றியமையாதது. அதன் மரபணு 1991இல் கண்டறியப்பட்டது. பெருங்குடல் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றில் அது பழுதடைந்துள்ளது. பழுதானால் வெளியே விண்ட் இல்லாவிட்டாலும் செல் பெருகிக்கொண்டே போகும். சதைத்திரட்சி (பாலிப்) தோன்றும். இந்தப் பழுதைப் பிறவியிலேயே பெற்றவர்களுக்கு நூற்றுக்கணக்கில் பாலிப்கள் வருகின்றன.

சிகிச்சை

செடுக்சிமாப் மருந்து ஈ.ஜி.எஃப்.ஆர். என்ற வளர்ச்சி ஏற்பியை அடைக்கிறது. ஆனால் ஏற்பிக்குப் பின்னால் செயல்படும் ராஸ் மரபணுக்கள் மாறியிருந்தால் பயனில்லை. ஏற்பியை அடைத்தாலும் உள்ளே சமிக்ஞை ஓடிக்கொண்டேயிருக்கும். எனவே மருந்தைத் தொடங்குமுன் ராஸ் பரிசோதனை கட்டாயம்.

தமிழகத்தில்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை மலக்குடல் புற்றுநோயால் இறந்தார். அந்த இழப்பே 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை உருவாகக் காரணமானது. சென்னையில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையும், சென்ட்ரலுக்கு எதிரே ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையும் உள்ளன.

மலத்தில் ரத்தம், மலம் கழிக்கும் வழக்கத்தில் நீடித்த மாற்றம், காரணம் தெரியாத ரத்தசோகை ஆகியவற்றை மூலம் என்று எண்ணித் தள்ளிப்போடக் கூடாது. குடும்பத்தில் இந்நோய் இருந்தால் அறிகுறி இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் சொல்லிக் கொலனோஸ்கோபி குறித்துக் கேட்க வேண்டும். பாலிப் நிலையிலேயே அகற்றிவிட்டால் அது புற்றுநோயாக மாறுவதைத் தடுக்கலாம்.