சொல்வதெழுதுதலும் நடுவுநிலையும்

பள்ளியில் 'சொல்வதெழுதுதல்' என்னும் பயிற்சியைச் செய்யாத மாணவர் இருக்கமாட்டார். ஆசிரியர் வாக்கியத்தை வாய்விட்டுப் படிப்பார். மாணவர் செவியால் கேட்டு எழுதுவர். பிழை நேர்ந்தால் மதிப்பெண் குறையும், அவ்வளவே. இப்பயிற்சியே, கடல் கடந்து வந்தவரைக் கரையிறங்க விடாமல் தடுக்கும் கருவியாக ஒரு நாட்டில் அரை நூற்றாண்டுக்கு மேல் விளங்கியது. அந்நாடு ஆஸ்திரேலியா.

இதன் வேர் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் உள்ளது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியரை வரவழைத்த அக்குடியேற்ற நாடு, வணிகராய்த் தாமே வந்த இந்தியரை வேண்டாமென்றது. ஆனால் இந்தியரும் பிரிட்டிஷ் அரசியின் குடிகள் அல்லரோ? இனத்தைப் பெயர் சொல்லி விலக்குவது லண்டன் அரசுக்குச் சங்கடமாயிற்று. ஆகவே, ஏதேனும் ஓர் ஐரோப்பிய மொழியில் விண்ணப்பம் எழுதத் தெரியாதவர் நுழையலாகாது என 1897-இல் நேட்டால் சட்டம் செய்தது. பிரிட்டனின் குடியேற்ற நாட்டு அமைச்சர் ஜோசப் சேம்பர்லேன் அவ்வாண்டே ஆஸ்திரேலியத் தலைவர்களுக்கு இவ்வழியைப் பரிந்துரைத்தார்.

1901-இல் இயற்றப்பட்ட ஆஸ்திரேலியச் சட்டம் இன்னும் ஒருபடி மேற்சென்றது. அலுவலர் ஓர் ஐரோப்பிய மொழியில் 50 சொற்களைப் படிப்பார். வந்தவர் அதனை எழுதவேண்டும். எம்மொழி என்பதை முடிவு செய்பவர் அலுவலரே. ஆங்கிலம் அறிந்தவருக்கு வேறொரு மொழியில் சோதனை வைக்கலாம். 1902, 1903 ஆகிய ஈராண்டுகளில் 805 முறை சோதனை நடந்தது. தேறியவர் 46 பேர். 1904 முதல் 1909 வரை 554 முறை. தேறியவர் 6 பேர். அதன்பின் ஒருவரும் தேறவில்லை.

இதன் உண்மை உருவத்தை உலகுக்குக் காட்டிய வழக்கு ஒன்றுண்டு. பிராக் நகரில் பிறந்த எழுத்தாளர் எகோன் கிஷ், போரையும் பாசிசத்தையும் எதிர்க்கும் மாநாட்டில் பேசுவதற்காக 1934-ஆம் ஆண்டு நவம்பரில் ஆஸ்திரேலியா வந்தார். அரசு அவரை இறங்க விடவில்லை. மெல்போர்ன் துறையில் அவர் கப்பலினின்று குதித்தார், கால் முறிந்தது. மீண்டும் கப்பலில் ஏற்றப்பட்டுச் சிட்னிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். ஐரோப்பிய மொழிகள் பல அறிந்த அவருக்கு அங்கு ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் சோதனை வைத்தனர்! சோதித்தவருக்கே அம்மொழியில் போதிய புலமை இல்லை. தோற்ற கிஷுக்கு ஆறு மாதச் சிறை விதிக்கப்பட்டது.

டிசம்பரில் உயர்நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. ஆனால் சோதனை தீயது என்று அது கூறவில்லை. சட்டம் கருதும் ஐரோப்பிய மொழிகளுள் கேலிக் அடங்காது என்றே கூறியது. தம் முன்னோர் மொழி தாழ்த்தப்பட்டதென ஸ்காட்லாந்து வழியினர் சினந்தனர். ஒருவரை விலக்க எழுந்த சூழ்ச்சி, ஒரு மொழியையும் இழிவுபடுத்தி முடிந்தது. 1958-ஆம் ஆண்டுச் சட்டமே இச்சோதனைக்கு முற்றுப்புள்ளி வைத்தது.

மொழித் தேர்வு வைப்பது தவறன்று. மருத்துவர் நோயாளியின் சொல்லை உணரவேண்டும். விமானி நிலையத்தின் ஆணையைப் பிழையறக் கேட்கவேண்டும். இங்கெல்லாம் தேர்வு, தொழிலுக்கு வேண்டிய திறனை அளக்கிறது. எம்மொழி, எவ்வளவு என்பது முன்னரே அறிவிக்கப்படுகிறது. அளப்பவரும் அதனை அறிந்தவராக இருத்தல் வேண்டும். ஆஸ்திரேலியச் சோதனையில் இம்மூன்றும் இல்லை. அங்கே முடிவு முதலில் பிறந்தது. கேள்வி பின்னரே வந்தது.

இன்று தேர்வு எழுதும் மாணவர்களுள் சிலர் நாளை தேர்வாளராக அமர்வர். அன்று வினாவை வகுக்குமுன், 'நான் இவரை அளக்கப் போகின்றேனா, விலக்கப் போகின்றேனா?' என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்வாராக.