நம்பகச் சேவையகங்கள் (ஸ்பேம் வடிகட்டல்)

நம்பகச் சேவையகம் என்பது, தான் எழுதும் வழித்தடக் குறிப்பை ஸ்பேம் வடிகட்டி ஐயமின்றி ஏற்றுக்கொள்ளும் அஞ்சல் சேவையகம். நல்ல மடல் தவறுதலாக ஸ்பேம் பெட்டிக்குள் விழுவதைக் குறைக்க இது உதவுகிறது. தப்பி வந்த ஸ்பேமை அழித்துவிடலாம். நேர்காணல் அழைப்பு ஸ்பேம் பெட்டியில் கிடந்தால் அது வந்த சேதியே தெரியாது.

மடலைக் கைமாற்றும் ஒவ்வொரு சேவையகமும், யாரிடமிருந்து பெற்றது என்பதை 'ரிசீவ்டு' என்ற வரியாக மடலின் தலைப்பகுதியில் எழுதும். புதிய வரி மேலே சேரும். அடியில் இருப்பவை அனுப்பியவரே புனைந்தவையாகவும் இருக்கலாம். அதனால் வடிகட்டி மேலிருந்து படித்து, தன் சேவையகங்களைத் தாண்டியதும் எதிர்ப்படும் முதல் வெளி ஐ.பி. முகவரியையே முக்கியமாகத் தடைப்பட்டியல்களில் தேடுகிறது.

2001இல் ஜஸ்டின் மேசன் உருவாக்கிய ஸ்பேம்அசாசின் மென்பொருளில் இதற்கான அமைப்பின் பெயர் 'டிரஸ்டட் நெட்வொர்க்ஸ்'. குழப்பும் பெயர்தான். ஸ்பேமைக் கடத்தாத சேவையகம் என்பது இதன் பொருளல்ல. பொய் வரி எழுதாத சேவையகம் என்பதே. ஸ்பேமையும் சேர்த்துக் கடத்திவிடும் சேவையகம்கூட இதில் இடம்பெறலாம்.

தன் அஞ்சல் சேவையகத்துக்கு முன்னால் நிற்கும் கேட்வே சேவையகத்தை இந்தப் பட்டியலில் சேர்க்க நிர்வாகி மறந்தால், வெளியிலிருந்து வரும் மடலெல்லாம் அங்கிருந்தே புறப்பட்டதாகத் தோன்றி, அனுப்பும் சேவையகத்தின் உரிமையைச் சரிபார்க்கும் எஸ்.பி.எஃப். சோதனையில் தோற்கக்கூடும். கண்டதையும் சேர்த்தாலோ, வடிகட்டி இடும் ஸ்பேம் மதிப்பெண்ணில், நம்பகச் சேவையகங்களை மட்டுமே கடந்த மடலுக்கு உரிய கழிவு ஸ்பேமுக்கும் கிடைத்துவிடும். இயல்பமைப்பில் 5 மதிப்பெண் எட்டிய மடலே ஸ்பேம் என்பதால், சிறு கழிவும் தீர்ப்பை மாற்றக்கூடும்.

வீட்டு இணைப்பிலிருந்து அனுப்புவோருக்குத் தனிச் சிக்கல் உண்டு. அவர்களுடைய மாறும் ஐ.பி. முகவரிகள் பல தடைப்பட்டியல்களில் இருப்பவை. கடவுச்சொல் தந்து நுழைந்தவர் என்பதை, 2004இல் வெளியான ஆர்.எஃப்.சி. 3848 வகுத்த 'இ.எஸ்.எம்.டி.பி.ஏ.' என்ற குறி காட்டும். நம்பகச் சேவையகம் எழுதிய வரியில் அக்குறி இருந்தால், வடிகட்டி அந்த வீட்டு முகவரியைக் குற்றமாகக் கொள்வதில்லை.

பிறருடைய சேவையகங்களில் நற்பெயர் பெற்றவற்றை அறிய டி.என்.எஸ். வழி நற்பட்டியல்கள் உள்ளன. இவற்றைக் கேட்டறியும் முறையை ஆர்.எஃப்.சி. 5782 (2010) விவரிக்கிறது.