சாம்பல் நீலம் வந்த வழி

ஷேட் கார்டில் சாம்பல் நீலம் என்று நாம் விரல் வைக்கும் வண்ணத்தில் நீலம் மிகக் குறைவு. 4 லிட்டர் பெயின்ட் டப்பாவில் நீலமும் கறுப்புமாகச் சேர்வது சில தேக்கரண்டி அளவுதான். மற்றதெல்லாம் வெள்ளை பேஸ். ஆகவே இந்த வண்ணத்தின் பிறப்பைச் சொல்ல வேண்டுமானால் வெள்ளையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அந்த வெள்ளையோ கறுப்பு மணலிலிருந்து வருகிறது.

குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கொல்லம் பக்கத்துச் சவராவிலும் கடற்கரை மணல் கறுத்துக் கிடக்கும். கையில் அள்ளினால் சாதாரண மணலைவிடக் கனமாக இருக்கும். வெயிலில் சாய்த்துப் பார்த்தால் இடையிடையே கார்னெட் சிவப்பாக மின்னும். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், இங்கிருந்து போன தென்னைநார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டார். காஸ் விளக்கின் மேண்டிலுக்கு வேண்டிய தோரியம் அதிலிருந்து கிடைத்ததால் வியாபாரிகளின் கண் முழுக்க அதன்மேல்தான் இருந்தது. கூடவே கிடந்த இல்மனைட் என்ற கறுப்புக் கனிமத்துக்குப் பெரிய மதிப்பில்லை. நார்வேயிலும் அமெரிக்காவிலும் இல்மனைட்டிலிருந்து வெள்ளை நிறமி எடுக்கும் தொழில் தலையெடுத்த பிறகு, 1920-களில் திருவிதாங்கூர்க் கருமணல் கப்பலேறியது.

இல்மனைட்டில் இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனோடு சேர்ந்திருக்கின்றன. கந்தக அமிலத்தில் கரைத்து இரும்பைப் பிரித்தெடுத்தால் கடைசியில் டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடி மிஞ்சும். ஒரு மைக்ரானில் கால் பங்கு அளவுள்ள அதன் துகள்கள் ஒளியை அபாரமாகச் சிதறடிக்கும். இரண்டு கோட்டிலேயே பழைய சுவர் மறைந்துபோவது அதனால்தான். இதற்கு முன் பெயின்டில் வெள்ளைக்குப் பெரிதும் நம்பியிருந்தது நஞ்சான ஈய வெள்ளையை. அந்த வகையில் இந்த மணலுக்கு வீடுகள் கடன்பட்டிருக்கின்றன. ஆனால் மணல் அள்ளுவதைக் கரையோர ஊர்க்காரர்கள் எதிர்த்துவருவதையும் மறைக்கக் கூடாது. கடலரிப்பும் கதிர்வீச்சும் அவர்களுக்கு வாசலில் நிற்கும் கவலை.

இனி நீலம். பெர்லினில் 1700-களின் தொடக்கத்தில் தற்செயலாகப் பிறந்த பிரஷ்யன் நீலத்தை ஐரோப்பியர்கள் ஈய வெள்ளையிலும் கரியிலும் கலந்து, தங்கள் கூடங்களுக்குச் சாம்பல் நீலம் பூசினார்கள். நம் சுண்ணாம்புச் சுவரில் அது நிற்காது. காரம் பட்டால் சிதைந்து பழுப்பேறிவிடும். இங்கே வெள்ளையடிக்கும்போது சுண்ணாம்பில் சேர்த்த நீலம் அல்ட்ராமரைன். ஆப்கானிஸ்தானத்துக் கல்லை அரைத்து எடுத்துவந்த அதை, 1820-களில் கிமே என்ற பிரெஞ்சுக்காரர் செயற்கையாகச் செய்து காட்டியதால்தான் அது எளியவர் வீட்டுக்கும் எட்டியது.

இன்று கடையில் வண்ணம் கலக்கும் டின்டிங் மெஷினில் பெரும்பாலும் இருப்பது தாலோசயனின் நீலம். 1928-இல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் சாயத் தொழிற்சாலையில், வெள்ளையாக வர வேண்டிய ஒரு சரக்கில் நீலக் கசடு தென்பட்டது. கொப்பரையின் உள்பூச்சு விரிசல் விட்டு, அடியிலிருந்த இரும்பு கலந்திருந்தது. அதைக் குப்பையில் கொட்டாமல் ஏன் என்று கேட்டவர்களை நான் மனதார மதிக்கிறேன். இரும்புக்குப் பதில் செம்பு சேர்ந்த நீலம் 1935-இல் சந்தைக்கு வந்தது. வெயிலுக்கும் காரத்துக்கும் அசையாத நிறமி அது. இப்போது குஜராத்தின் தொழிற்சாலைகளில் பெருமளவில் தயாராகிறது.

கடையில் இவை சந்திக்கின்றன. திறந்த பேஸ் டப்பாவை மெஷினுக்கு அடியில் வைத்ததும் மெல்லிய குழாய்களிலிருந்து நீலமும் கறுப்பும் ஒரு இழையாக இறங்குகின்றன. வெள்ளைப் பரப்பில் ஒரு கணம் கண்விழி மாதிரி கிடக்கும். மூடிக் குலுக்கித் திறந்தால் இரண்டுமே காணாமல்போய் சாம்பல் நீலம் மட்டும் இருக்கும்.

சுவருக்குப் போனபின் அதை ஆள்வது வெளிச்சம். வார்ம் ஒயிட் பல்பின் கீழ் நீலம் அடங்கிச் சாம்பல் மேலோங்கும். வெள்ளை டியூப்லைட்டில் நீலம் கூடும். ரெட் ஆக்சைடு தரையோ தேக்குக் கதவோ இருந்தால், அங்கிருந்து எதிரொளிக்கும் செஞ்சாயல் வண்ணத்தைச் சற்று மங்கவைக்கும். அந்தி மங்கும்போது நம் கண்ணில் சிவப்பு முதலில் மங்கி நீலம் தங்கும். 19-ஆம் நூற்றாண்டிலேயே செக் விஞ்ஞானி புர்க்கின்யே குறித்துவைத்த உண்மை இது. அதனால் ஷேட் கார்டை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். பட்டி பார்த்து, உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்த சுவரில், ஜன்னல் பக்கம் ஒன்றும் எதிர்ச்சுவரில் ஒன்றுமாக இரண்டடிக்கு இரண்டடி அடித்துப் பாருங்கள். காலை, மாலை, விளக்கு போட்ட பின் என்று மூன்று வேளையும் பார்த்துவிட்டு மிச்ச வேலையைச் சொல்லுங்கள். புதிதாகப் பூசிய சிமென்ட் சுவரென்றால் நன்றாகக் காய விடுங்கள். அவசரப்பட்டால் வெள்ளைப் படிவு பூத்து வண்ணம் திட்டுத்திட்டாகிவிடும்.

டப்பா மூடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வையுங்கள். எந்த பேஸ், எந்த நிறமி எத்தனை மில்லி என்பதெல்லாம் அதில் இருக்கும். இரண்டு வருடம் கழித்து ‘அதே நீலம்’ என்று வாயால் கேட்டால் கடைக்காரரால் கலக்க முடியாது. டச்-அப்புக்கு அரை லிட்டர் மிச்சம் வைத்து இறுக்கி மூடிவிட்டால் இன்னும் நல்லது.