காஸ்பேஸ்-1: தவறான எலியை நம்பிய பதினாறு வருஷம்

செல்கள் எப்படித் தாமாகவே சாகின்றன என்ற ஆராய்ச்சியின் வரலாற்றைக் கொஞ்ச நாளாகக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். எங்கே தொடங்கினாலும் ஒரே புரதம் குறுக்கே வந்து நிற்கிறது. இன்றைக்கு அதற்குப் பெயர் காஸ்பேஸ்-1.

1992-இல் மெர்க், இம்யூனெக்ஸ் என்ற இரண்டு மருந்து நிறுவனங்களின் குழுக்கள் இதைத் தனித்தனியாக அடையாளம் கண்டன. அப்போது பெயர் ஐ.சி.ஈ. வேலை என்னவென்றால், இன்டர்லூக்கின்-1 பீட்டா என்ற தகவல் புரதத்தை வெட்டித் தயார்செய்வது. அது வெளியே போனால் காய்ச்சல், அழற்சி எல்லாம் வரும். ஆக, இது நோய் எதிர்ப்பு சமாசாரம். சாவு என்ற பேச்சே கிடையாது.

அடுத்த வருஷமே கதை மாறிப்போச்சு. ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு ஒன்று இருக்கிறது. அது வளரும்போது 1,090 உடல் செல்கள் உருவாகி, அதில் 131 செல்கள் குறித்து வைத்த மாதிரி செத்துப்போகும். செட்-3 மரபணு கெட்டுப்போனால் அவை சாவதில்லை. ஜுன்யிங் யுவானும் ராபர்ட் ஹார்விட்ஸும் அந்த மரபணுவின் வரிசையைப் பார்த்தால், அப்படியே ஐ.சி.ஈ.யின் ஜாடை! எலிச் செல்களில் ஐ.சி.ஈ.யை அதிகமாகச் சுரக்க வைத்தபோது அவையும் செத்தன. கொலையாளி கிடைச்சாச்சு என்றுதான் நானாக இருந்தாலும் நினைத்திருப்பேன்.

1995-இல் ஐ.சி.ஈ. இல்லாத சுண்டெலிகளை இரண்டு குழுக்கள் உருவாக்கின. கருவில் விரல்களுக்கு நடுவே இருக்கும் சவ்வு மறைவதுகூட செல்சாவால்தான். ஆனால் இந்த எலிகள் ஒரு குறையுமில்லாமல் வளர்ந்தன. வழக்கமான செல்சாவில் முக்கியப் பங்கு இதன் உறவுக்காரனான காஸ்பேஸ்-3க்கு என்று பிறகு தெரிந்தது.

இன்னொரு விஷயம்தான் எல்லோரையும் நிமிர வைத்தது. பாக்டீரியா நச்சைக் கொடுத்தால் சாதாரண எலிகள் செத்தன, இவை பிழைத்தன. ரத்தத்தில் கிருமி பரவி உறுப்புகள் செயலிழக்கும் செப்சிஸுக்கு இங்கே வழி இருக்கிறதா என்ற ஆசை வருமா வராதா? அதே 1990களில் இன்டர்லூக்கின்-1ஐத் தடுக்கும் மருந்தை செப்சிஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எதிர்பார்த்த அளவுக்கு உயிர்கள் பிழைக்கவில்லை. இரண்டையும் நேராக முடிச்சுப் போடக்கூடாது என்றாலும், படிக்கும்போது மனசு அங்கேதான் போகிறது.

2011-இல் ஜெனென்டெக்கில் விஷ்வா தீட்சித் குழு உண்மையை உடைத்தது. அந்த எலிகளை உருவாக்கப் பயன்பட்ட கருச்செல்கள் 129 என்ற எலி வகையைச் சேர்ந்தவை. அந்த வகையில் பக்கத்து மரபணுவான காஸ்பேஸ்-11 ஏற்கெனவே பழுது. இரண்டு மரபணுக்களும் ஒட்டி ஒட்டி இருப்பதால், எத்தனை தலைமுறை கலப்பு செய்தாலும் பழுதும் கூடவே வந்துவிடும். காஸ்பேஸ்-11ஐ மட்டும் திருப்பிக் கொடுத்ததும் எலிகள் நச்சுக்குச் செத்தன. காப்பாற்றியது ஐ.சி.ஈ. இல்லாததல்ல!

2015-இல் கடைசித் துண்டும் சேர்ந்தது. காஸ்பேஸ்-1, காஸ்பேஸ்-11 இரண்டுமே காஸ்டெர்மின்-டி என்ற புரதத்தை வெட்டும். வெட்டுப்பட்ட துண்டு செல்லின் சவ்வில் ஓட்டை போட, செல் வெடித்துச் சாகும். ஆக, ஐ.சி.ஈ.யும் கொலையாளிதான். வழி மட்டும் வேறு.

இப்போதெல்லாம் 2011-க்கு முந்தைய கட்டுரை கையில் கிடைத்தால், முடிவுரைக்குப் போவதற்கு முன்னால் எந்த வகை எலி என்று தேடிப் பார்த்துவிடுகிறேன்.