நடுச்செவி நோய்களும் செவிலியர் பராமரிப்பும்

செவிப்பறைக்கும் உட்செவிக்கும் இடையில் காற்று நிரம்பியுள்ள சிறு அறை நடுச்செவி எனப்படும். சுத்தி, பட்டடை, அங்கவடி என்னும் மூன்று சிற்றெலும்புகள் இதில் தொடராக இணைந்து, செவிப்பறையில் படும் ஒலியதிர்வுகளை உட்செவிக்குக் கடத்துகின்றன. நடுச்செவியை மூக்கின் பின்புறத் தொண்டையோடு இணைக்கும் யூஸ்டேசியன் குழாய், விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் திறந்து, செவிப்பறையின் இருபுறமும் காற்றழுத்தத்தைச் சமன் செய்கிறது. குழந்தைகளுக்கு இக்குழாய் குட்டையாகவும் ஏறத்தாழ கிடைமட்டமாகவும் அமைந்திருப்பதால், சளி பிடிக்கும்போது தொண்டையிலுள்ள கிருமிகள் எளிதில் நடுச்செவியை அடைகின்றன. நடுச்செவி நோய்கள் குழந்தைப் பருவத்தில் மிகுந்து காணப்படுவதற்கு இது முக்கியக் காரணம்.

நோய் வகைகள்

சளி, காய்ச்சலைத் தொடர்ந்து திடீரெனத் தோன்றும் கடும் நடுச்செவி அழற்சியில், நடுச்செவியில் சீழ் சேர்ந்து செவிப்பறை சிவந்து வெளிப்புறமாகப் புடைக்கும். பேசத் தெரியாத குழந்தை காதைப் பிடித்து இழுத்தும், பால் குடிக்க மறுத்தும், இரவில் வீறிட்டு அழுதும் தன் வலியைக் காட்டும். செவிப்பறை கிழிந்து சீழ் வெளியேறியதும் வலி சட்டெனக் குறைவதால், நோய் தீர்ந்துவிட்டதென்று பெற்றோர் சிகிச்சையை நிறுத்திவிடுவதுண்டு. வலியோ காய்ச்சலோ இன்றி நடுச்செவியில் நீர் தேங்கி நிற்பது மற்றொரு வகை. கூப்பிட்டால் திரும்பாமை, தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டி வைத்தல், பாடத்தில் பின்தங்குதல் ஆகியவையே இதன் அடையாளங்களாக இருக்கக்கூடும்.

செவிப்பறையில் துளை நிலைத்து, இரண்டு வாரமோ அதற்கு மேலோ சீழ் வடிந்தால் அதை நாட்பட்ட சீழ்வடி நடுச்செவி அழற்சி என உலக சுகாதார நிறுவனம் வரையறுக்கிறது. இதனுடன் கொலஸ்டியடோமா என்னும் தோல்செதில் திரட்சி உருவானால், அது சிற்றெலும்புகளையும் சுற்றியுள்ள எலும்பையும் அரித்து, முகவாதம், மூளையுறை அழற்சி, மூளைச் சீழ்க்கட்டி போன்ற ஆபத்துகளுக்கு வழிவகுக்கும். துர்நாற்றத்துடன் சிறிதளவே வடியும் சீழ் இதற்கான எச்சரிக்கைக் குறியாகும்.

செவிலியர் பராமரிப்பு

சீழ் தேங்கிய காதில் சொட்டு மருந்து உரிய இடத்தைச் சென்றடையாது என்பதால், காதை உலர்த்துவதே பராமரிப்பின் அடிப்படையாகும். உறிஞ்சும் தன்மையுள்ள சுத்தமான பருத்தித் துணியைத் திரியாக முறுக்கிக் காதினுள் வைத்து, அது நனைந்ததும் எடுத்துவிட்டு, புதிய திரி நனையாமல் வரும்வரை மாற்ற வேண்டும். இதை நாளொன்றுக்கு மூன்று முறையாவது செய்யுமாறு தாய்க்குச் சொல்லிக் கொடுத்து, அவர் கையாலேயே ஒருமுறை செய்யவைத்துப் பார்ப்பது நன்று. குச்சி, கொண்டை ஊசி, பஞ்சு முனைக் குச்சி ஆகியவற்றை நுழைப்பதும், காய்ச்சிய எண்ணெயை ஊற்றுவதும் தவிர்க்கப்பட வேண்டியவை.

சொட்டு மருந்தைக் குளிர்ந்த நிலையில் இட்டால் தலைசுற்றல் ஏற்படும் என்பதால், புட்டியைக் கையில் பிடித்து உடல் வெப்பத்துக்குக் கொண்டுவந்த பின்னரே பயன்படுத்த வேண்டும். நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, செவிமடலைப் பெரியவர்களுக்கு மேல்நோக்கிப் பின்புறமாகவும், மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கீழ்நோக்கிப் பின்புறமாகவும் இழுத்துச் சொட்டு மருந்திட்டபின், சில நிமிடங்கள் அப்படியே படுத்திருக்கச் செய்ய வேண்டும். சிலவகைச் சொட்டு மருந்துகள் செவிப்பறைத் துளை வழியே உட்செவியைப் பாதிக்கக்கூடும் என்பதால், மருத்துவர் குறித்துக் கொடுத்ததையே இட வேண்டும்.

செவிப்பறைச் சீரமைப்பு, காதுப்பின் எலும்பு அறுவை ஆகியவற்றுக்குப் பின், கண்களை இறுக மூடவும், நெற்றியைச் சுருக்கவும், பல்லைக் காட்டவும் நோயாளியிடம் சொல்லி, முகநரம்பின் நிலையைச் செவிலியர் அவ்வப்போது சோதித்தறிய வேண்டும். தலைசுற்றல் இருக்கக்கூடுமாதலால் முதன்முறை எழுந்து நடக்கையில் துணை தேவை. மூக்கை வலிந்து சிந்தாமலும், தும்மும்போது வாயைத் திறந்தபடியும் இருக்கக் கற்பிக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் புதிதாகப் பொருத்திய சவ்வு இடம்பெயரும். காதின் பின்புறம் வீக்கம், கடும் தலைவலி, கழுத்து விறைப்பு, வாய் கோணுதல் ஆகியவற்றுள் எது தென்பட்டாலும் உடனே மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

தடுப்பு

தாய்ப்பால் ஊட்டுதல், புட்டிப்பால் கொடுத்தால் குழந்தையின் தலையை உயர்த்திப் பிடித்தல், வீட்டில் புகைபிடிக்காமை, நிமோகாக்கஸ் தடுப்பூசி போடுதல் ஆகியவை நோய் வாய்ப்பைக் குறைக்கும். செவிப்பறையில் துளையுள்ளவர்கள் குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சினால் காதை அடைத்துக்கொள்ளவும், குளம், கிணற்றில் மூழ்கிக் குளிப்பதைத் தவிர்க்கவும் வேண்டும். காது உலர்ந்த பின்னும் கேட்கும் திறனைச் சோதிப்பது அவசியம்; ஏனெனில் கேள்விக் குறைபாடு கவனிக்கப்படாமல் போனால் குழந்தையின் பேச்சும் கல்வியும் ஒருங்கே பாதிக்கப்படும்.